விசில் கேட்காத விடியல்

சென்ற வாரம் மலரையும் அவள் மூத்த மகள் சிவந்தியையும் கோயம்புத்தூர்ப் பக்கம், மலையடிவாரத்துப் பெண்கள் கல்லூரி ஒன்றின் வாசலில் நிறுத்திவிட்டு வந்தோம். எண்ணூர் குப்பத்தை விட்டுக் கிளம்பியபோது மலருக்கு இருந்த தெம்பில் பாதி, அதற்கு முன்னால் தங்கிய ஈரோட்டுப் பக்கத்துக் கல்லூரியிலேயே போய்விட்டது. அங்கே சிவந்தி இரவில் இருமியதும், அவள் இன்ஹேலரை வாயில் வைத்ததைப் பார்த்த விடுதிக்காரி "டி.பி.யா?" என்று முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டதும், மறுநாள் காலை "சீட்டெல்லாம் ஃபுல்லு" என்று கையை விரித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

இந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம். சேர நினைக்கும் பெண் தாயோடு வந்து ஒரு ராத்திரி விடுதியில் தங்க வேண்டும். அந்தச் சோற்றைத் தின்று, அந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் மதியத்துக்குள் சேருகிறேன் அல்லது வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். கடலோரத்துப் பிள்ளைக்கென்று ஒரு டிரஸ்ட் படிப்புச் செலவையும் தங்கும் செலவையும் முழுதாக ஏற்றுக்கொள்ளும் இடம் ஒன்றே ஒன்று இருந்தது. சிவந்தி ஆசைப்பட்ட கணக்குப் படிப்பு. இது போனால் அவளுக்கு வேறு வழி இல்லை.

அதனால்தான் ரயிலிலேயே தாயிடம் சத்தியம் வாங்கிவிட்டாள்.

"இந்த வாட்டி வீசிங்னு நீ வாயத் தொறக்கக் கூடாது. சேந்தப்பறம் நானே சொல்லிக்கறேன். இன்னா, புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுடி. நான் இன்னா, மைக் செட்டு போட்டா சொல்லப் போறேன்?" என்றாள் மலர்.

மைக் செட்டே தேவைப்படவில்லை என்பதுதான் இந்த வாரத்துக் கதை.

மலர், சிவந்தி, கடைக்குட்டி அல்லி. இவர்கள் வீட்டைக் குப்பத்தில் பூக்கடை என்றுதான் கேலி செய்வார்கள். பேர்தான் பூ. அந்த வீட்டின் கொல்லைப் பக்கம் நின்றால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி தெரியும். துவைத்துக் காயப்போட்ட வெள்ளைத் துணி சாயங்காலம் சாம்பல் நிறமாகிவிடும். சிவந்தி நாலாவது படிக்கும்போது ஆரம்பித்தது மூச்சிரைப்பு. ராத்திரியில் அவள் நெஞ்சிலிருந்து மெல்லிசாக ஒரு சத்தம் வரும். வீட்டில் அதற்கு விசில் என்று பேர். அன்றிலிருந்து மலர் அவள் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். விசில் சன்னமாக இருந்தால் கவலை இல்லை. ஏறினால் எழுந்து மருந்து கொடுக்க வேண்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, அது இல்லாமல் தூக்கம் வராது என்கிற அளவுக்குப் பழகிப் போய்விட்டாள்.

விடுதி அறையில் இரண்டு தனித் தனிக் கட்டில்கள். நடுவில் ஒரு மேசை. கை எட்டவில்லை. நான்கு நாள் அலைச்சல் மலரை அப்படியே அமுக்கித் தூங்க வைத்துவிட்டது.

விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் வந்திருந்தது. வெளியே ஏதோ ஒரு குருவி. குழாயடியில் யாரோ தண்ணீர் பிடிக்கும் சத்தம். மலர் வழக்கம்போல முதலில் காதைத் தீட்டினாள்.

விசில் இல்லை.

இன்னும் கொஞ்சம் கேட்டுப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை. பக்கத்துக் கட்டிலில் சிவந்தி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். அசைவு இல்லை.

"சிவந்தி... ஏய், சிவந்தி!"

உலுக்கினாள். பெண் துவண்டு போய்த் திரும்பினாள், கண் திறக்கவில்லை. மலர் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்க்கக்கூட நிற்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு தாழ்வாரத்துக்கு ஓடினாள்.

"ஐயோ, யாராச்சும் வாங்களேன்! எம் பொண்ணு மூச்சு வுடலியே! விசிலே வரலியே! வீசிங் பொண்ணும்மா அது! ராவுல மருந்து குடுக்காம தூங்கிப் பூட்டேனே பாவி!"

மீன் சந்தையில் ஏலம் கூவிப் பழகிய தொண்டை. மூன்று மாடிக்கும் கேட்டது. பல் விளக்கிக்கொண்டிருந்த பெண்கள் நுரை வாயோடு ஓடி வந்தார்கள். ஒருத்தி வாளியைப் போட்டுவிட்டாள். வார்டன் ரேச்சல் மேடம் அள்ளிச் செருகிய கொண்டையோடு படியில் இறங்கி வந்தார்.

எல்லோருமாக அறைக்குள் நுழைந்தால், கட்டிலில் முகமெல்லாம் முடி விழ உட்கார்ந்துகொண்டு சிவந்தி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா?"

பின்னால் நின்ற ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். மலர் மகள் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். முதுகைத் தடவினாள். காதை வைத்துக் கேட்டாள். அத்தனை பேர் முன்னாலும் அவள் அதைச் செய்தது சிவந்திக்குத் தாங்கவில்லை.

"பாப்பா நல்லாத்தானே இருக்குதுங்க?" என்றார் வார்டன். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீசிங்னு சொன்னீங்களே?" என்றார்.

சத்தியம் அப்போதுதான் மலருக்கு ஞாபகம் வந்தது.

"இல்லீங்க மேடம், அம்மா ஏதோ தூக்கத்துல..." என்று சிவந்தி ஆரம்பித்தாள். வார்டனிடம் பேசும்போது அவள் எண்ணூர்ப் பேச்சை மடித்து உள்ளே வைத்துவிடுவாள். ஆனால் வார்டன் மலரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா. கீது. சின்ன வயசுலேந்து கீது" என்றாள் மலர்.

ரேச்சல் மேடம் ஒரு பெருமூச்சு விட்டார். கோபக்காரர் இல்லை. நூற்றுக்கணக்கான பெண்களின் காய்ச்சலையும் காதலையும் பார்த்துச் சலித்தவர்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்க. ராத்திரி ஏதாச்சும் ஆகியிருந்தா நான்தானே பதில் சொல்லோணும்? டாக்டர் இன்னும் கொஞ்ச நேரத்துல வருவாருங்க. அவர் பாக்கட்டும். அவர் சொல்றத வெச்சுத்தான் பிரின்சிபால் முடிவு பண்ணுவாங்க. மதியத்துக்குள்ள தெரிஞ்சிரும்."

கூட்டம் கலைந்தது. கதவு மூடியதும் சிவந்தி திரும்பினாள்.

"வேணும்னேதானே பண்ண?"

"இன்னாடி பேசற?"

"உனக்கு நான் இங்க சேர்றது புடிக்கல. திருவொத்தியூர்ல கம்ப்யூட்டர் சென்டர் கீதே, பஸ்ல போயிட்டு வான்னு எத்தினி வாட்டி சொன்ன? நான் போய்ட்டா அல்லிய யாரு பாத்துக்குவா, சந்தைக்கு யாரு கூட வருவான்னு ஒப்பாரி வெச்ச. அங்க அந்தம்மா மூக்க மூடிகினு போச்சு. இங்க நீயே ஊரக் கூட்டிட்ட. போ, சந்தோசமா இரு."

மலர் கட்டிலில் உட்கார்ந்தாள். கால் இரண்டும் வீங்கிப் போயிருந்தன. மகள் சொன்னதில் பாதி உண்மை.

நேற்றுச் சாயங்காலம் விடுதிச் சாப்பாட்டில் மீன் இல்லை, கருவாடு இல்லை, வெறும் அவரைக்காய்ச் சாம்பார் என்று பார்த்ததும் அவளுக்கு மனசுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. இவள் மூன்று நாள் தாங்கமாட்டாள், அழுதுகொண்டே வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று நினைத்தாள். பெற்றவள் இப்படி நினைப்பாளா என்று கேட்பீர்கள். நினைப்பாள். மார்க்கெட்டிலிருந்து வந்து விழும்போது ஒரு டம்ளர் டீ வைத்துக் கொடுக்க வீட்டில் ஒரு கை இருக்கிறதே, அது போகப் போகிறது என்றால் எவளுக்கும் அந்த நினைப்பு வரும்.

"ஆமா" என்றாள் மலர். "புடிக்கல. நீ போறது எனக்குப் புடிக்கல. ஆனா காலைல கத்துனது பொய் இல்லடி."

சிவந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு பையில் துணியைத் திணித்தாள்.

"வூட்ல உன் நெஞ்சு சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம். இங்க எழுந்து பாக்கறேன், ஒண்ணும் கேக்கல. நல்லா மூச்சு வுட்டா எப்டி இருக்கும்னு எனக்கு இன்னாடி தெரியும்? நான் எங்க கேட்டேன்?"

துணியைத் திணித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"ராவுல நான் எழுந்திருக்கவே இல்லியா?"

"இல்ல."

"மருந்து?"

"தரல. நீ கேக்கவே இல்ல. உலுக்குனாக் கூட எழுந்திருக்கல நீ."

சிவந்தி தன் நெஞ்சில் கையை வைத்து மெதுவாக மூச்சை இழுத்து விட்டாள். இன்னொரு தடவை இழுத்து விட்டாள். அதற்குப் பிறகு அவள் திட்டவில்லை. தாயின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். இரண்டு பேருக்குமே அழுகை வந்தது. இரண்டு பேருமே அடுத்தவள் பார்க்காதபடி அழுதார்கள்.

டாக்டர் சௌக்கத் அலி வயதானவர், நிதானமாகப் பேசுகிறவர். வாரத்தில் சில நாள் கல்லூரிக்கு வந்து போகிறார். சிவந்தியின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். ஒரு குழாயில் ஊதச் சொன்னார். எந்த ஊர் என்று கேட்டார்.

"எண்ணூர் சார்."

"பவர் ஹவுஸ் பக்கமா?"

"பக்கத்துலயே சார்" என்றாள் மலர். "வாசல்ல நின்னா தெரியும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வார்டனைப் பார்த்து, "சேர்த்துக்கங்க மேடம். இது ஒட்டுற வியாதி இல்ல. இருக்கற பிள்ளைங்கள்ல நாலஞ்சு பேருக்கு இருக்கறதுதான். மருந்து கையில இருக்கணும், நான் மாசாமாசம் பாக்கணும், அவ்வளவுதான்" என்றார். பிறகு மலரிடம், "ஒரு ராத்திரி நல்லாத் தூங்கிட்டான்னு மருந்த நிறுத்திடாதீங்கம்மா. பனிக்காலத்துல இங்கயும் வரும். ஆனா சாம்பலும் புகையும் இல்லாத இடத்துல இந்தப் பிள்ள இதைவிட நல்லா இருப்பா. அதை நான் உறுதியாச் சொல்லுவேன்" என்றார்.

மலர் கும்பிட்டாள். சந்தோஷப்பட வேண்டிய இடம். ஆனால் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது வேறு. அப்படியென்றால் இத்தனை வருஷமும் இந்தப் பெண் வீட்டில் படுத்திருந்ததுதான் தப்பா? முதுகில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டேனே, அந்தப் புகைக்குள்ளேயே வைத்துக்கொண்டுதானே பார்த்தேன்?

பிரின்சிபால் அறைக்குப் போன வார்டன் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தார்.

"சரின்னுட்டாங்க. திங்கக்கெழம புதுப் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு ஆரம்பம். ஊருக்குப் போயிட்டு வர்றதுன்னாலும் சரி, இப்பவே இருந்துக்கறதுன்னாலும் சரி. ஆனா அப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டுடுங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் சம்மதிக்காம நாங்க வெச்சுக்கறதில்லைங்க."

சிவந்தி தாயின் கையைப் பிடித்து அழுத்தினாள். மலர் போனை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தின் கோடிக்குப் போனாள்.

அவள் புருஷன் திருமுருகன் முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். அந்த நேரத்தில் கடலில் இருக்க வேண்டியவன்.

"மலரு, எங்க கீற?"

"காலேஜுலதான்யா. டாக்டரு பாத்தாரு. சேத்துக்கறேன்னு சொல்ட்டாங்க. நீ சரின்னு ஒரு வார்த்த..."

"அல்லிக்கு நேத்து மூச்சு இழுத்துகிச்சு மே."

மலருக்குப் புரியவில்லை. "யாருக்கு?"

"அல்லிக்கு. பெரியவளுக்கு வருமே, அதே மாரி. ஒதடெல்லாம் நீலமாப் பூட்ச்சு. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு ஓடுனேன். மிசின் வெச்சாங்கோ, ஊசி போட்டாங்கோ, காலைலதான் வுட்டாங்கோ. இப்ப பரவால்ல, தூங்கிகினு கீது. இனிமே இது வந்து வந்து போவும்னு டாக்டரு சொல்ட்டாரு."

அல்லிக்கு ஜலதோஷம்கூட அதிகம் வந்ததில்லை. அவளாவது தப்பித்தாள் என்று மலர் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியவள்.

"பெரியவள இட்டுகினு வந்துடு மே" என்றான் திருமுருகன். "இந்த வருசம் படிக்காட்டி இன்னா? மருந்து எப்ப குடுக்கறது, எவ்ளோ குடுக்கறது, எல்லாம் அதுக்குத்தான் தெரியும். நீ சந்தைக்குப் போவணும், நான் கடலுக்குப் போவணும். புள்ளய யாரு பாத்துக்குவா? எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

அந்தக் குரலில் அதிகாரம் இருந்திருந்தால் மலர் சண்டை போட்டிருப்பாள். இருந்தது வெறும் களைப்பு. ராத்திரியெல்லாம் ஒற்றை ஆளாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைந்த களைப்பு.

"அப்பால பேசறேன்யா" என்று வைத்துவிட்டாள்.

திரும்பினால் பின்னாலேயே சிவந்தி நின்றுகொண்டிருந்தாள்.

"நைனா இன்னா சொல்லுச்சு?"

மலர் மகளைப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னால் இவள் ஒரு வார்த்தை பேசமாட்டாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "வாம்மா போலாம்" என்று முன்னால் நடப்பாள். அப்படித்தான் அவளை வளர்த்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்து தங்கச்சிக்குச் சோறு ஊட்டியவள். ஒரு தடவை அந்த வீட்டுக்குள் நுழைந்துவிட்டால், பிறகு எந்தத் திங்கட்கிழமையும் அவளை அங்கிருந்து கிளப்ப முடியாது.

"சரின்னுச்சு" என்றாள் மலர். "நல்லா படிக்கச் சொல்லுச்சு."

"நெசமாவா? நைனாவா?"

"பின்ன, பக்கத்து வூட்டுக்காரனா?"

"அல்லி இன்னா பண்ணுது?"

"அதுக்கு இன்னா, ஆட்டம் போட்டுகினு கீது."

சொல்லிவிட்டாள். நாக்கு குழறவில்லை. தன் வாய் இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லும் என்று மலருக்கே தெரியாது.

வார்டனிடமும் அதையே சொன்னாள். சமையல்காரப் பெண் எதற்கோ கூப்பிட, அவர் "ரொம்ப சந்தோசமுங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

"நானும் வூட்டுக்கு வந்து துணியெல்லாம் எடுத்துகினு, ஞாயித்துக்கெழம ராவு கெளம்பட்டுமா?" என்றாள் சிவந்தி.

"வேணா. நீ இங்கயே இரு."

"ரெண்டு செட்டுதாம்மா கீது."

"தொவச்சுப் போட்டுக்க. இங்கதான் துணி வெள்ளையா காயுதே. மிச்சத்த நான் பார்சல் போடறேன்."

"அல்லிகிட்ட சொல்லிகினு கூட வரலியேம்மா."

"நான் சொல்லிக்கறேன்டி. சும்மா நச்சு பண்ணாத."

சிவந்தி தாயை ஒரு மாதிரி பார்த்தாள். நேற்று வரை போகாதே போகாதே என்றவள் இன்று கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக இருக்கிறாளே என்று தோன்றியிருக்கும். ஆனால் பதினேழு வயசு. ஆசைப்பட்டது கைக்கு வந்திருக்கிற நேரத்தில் யார்தான் துருவிக் கேட்பார்கள்?

வெளி கேட் வரை கூட வந்தாள். கட்டிப் பிடித்துக்கொண்டாள். மலர் ஒரு நிமிஷம் அவள் முதுகில் கையை வைத்திருந்துவிட்டு எடுத்தாள்.

"நீயும் ஒரு வாய் துன்னுட்டுப் போயேம்மா."

"பஸ்ஸு பூடும். போ, சாப்பாட்டு மணி அடிச்சிடப் போறான். அந்த அவரக்காவத் துன்னு பழகு."

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பார்த்திருந்தால் சொல்லியிருப்பாள்.

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. எதிரே மலை பச்சையாக நின்றது. அதைப் பார்த்தால் மலருக்கு ஏனோ ஆத்திரமாக வந்தது. இங்கே உள்ள சனங்கள் மூச்சு விடுவதற்கு என்ன புண்ணியம் பண்ணினார்கள் என்று நினைத்தாள். போன் அடித்தது.

"பஸ் ஏறிட்டீங்களா ரெண்டு பேரும்?" என்றான் திருமுருகன்.

"நான் மட்டும்தான் வரேன்."



"அல்லி சேதிய பெரியவகிட்ட சொன்னியா?"

"சொல்லல. நீ சரின்னு சொன்னதா சொல்லி வுட்டுட்டு வந்துட்டேன்."

"இன்னா மே நீ! தங்கச்சி கெடந்து இழுத்துகினு இருந்துச்சு, மறச்சுட்டியேன்னு நாளைக்கு அது உன்ன மன்னிக்குமா?"

"மன்னிக்காட்டி போவட்டும். மூச்சு வுட்டுகினு இருந்தா போதும்."

"அப்ப அல்லி?"

"அதத்தான்யா நானும் கேக்கறேன். ஒண்ண இங்க வுட்டுட்டேன். இன்னொண்ண எங்க வுடறது? ஒவ்வொண்ணா வுட்டுட்டு, நாம மட்டும் அந்தச் சாம்பல்ல கெடக்கறதா? நாம எதுக்குய்யா இன்னும் அங்கயே கீறோம்?"

"இன்னா பேசற நீ? கடல வுட்டுட்டு நான் எங்க போவேன்? எனக்கு வேற இன்னா தெரியும்?"

இந்த இடம் வந்தால் மலர் எப்போதும் அடங்கிவிடுவாள். "சரி வுடு" என்பாள். நடுக்கடலில் பிறந்தவன் மாதிரி வாழ்கிறவனை அதற்கு மேல் என்ன கேட்பது? ஆனால் இன்றைக்குச் சரி வுடு என்று சொல்லவும் உடம்பில் தெம்பு இல்லை.

தூரத்தில் பஸ் தெரிந்தது.

"தெரில. எனக்கும் ஒண்ணும் தெரில. நான் வூடு வந்து சேர விடிஞ்சிடும். அல்லி பக்கத்துல உக்காந்து, அவ மொகத்தப் பாத்துகினே யோசி. நான் வரப்ப, கடலா அவளான்னு ஒண்ணு சொல்லு."

அவன் பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் வைத்துவிட்டாள். பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டாள்.